நான் எழுத மறுத்த பெயர்

அருள்,

நீ கேட்டது நாலே நாலு பெயர். அதற்குப் பதிலாக இவ்வளவு கனமான உறை வந்து சேரும்போது திகைத்துப்போவாய். ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. இதில் பாதி உன் அம்மாவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்த பாதியைக்கூட நீயும் நானும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

புனே ஹாஸ்டலில் நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய ஆட்டத்தை மறுபடியும் ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஐந்து வருஷமாக அந்த ஆட்டப் பெட்டியை நீ தொடவே இல்லை. "எல்லாரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். பெயர் வைக்கத் தெரியாமல் சினிமாக்காரர்கள் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மாயாஜால நாட்டில் வாழ்கிற ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி நம் பக்கத்துப் பழைய பெயர்கள் நாலு எழுதி அனுப்புங்கள். நீங்கள் ஆயுசு முழுக்கப் பெயர் எழுதினவர் ஆயிற்றே" என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "அமாவாசை இருந்திருந்தால் அவனையே கேட்டிருப்பேன்." அவ்வளவுதான். என்னை நீ குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். மூன்று வாரம் ஆகியிருக்காது.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். கப்பலில் வேலை பார்த்த உன் மாமா எந்தத் துறைமுகத்திலோ வாங்கி, நம் ஊர் சேரப்பணஞ்சேரிக்கு வந்தபோது உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகம். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பகடைகள். கட்டம் இல்லை, காய் இல்லை, ஜெயிக்கிறவன் தோற்கிறவன் இல்லை. இது என்ன ஆட்டம் என்று நான் கேட்டதற்கு நீ உற்சாகமாக விளக்கினாய். ஒருத்தன் கதை சொல்லி நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள்ளே போவார்கள். காட்டில் பூதம் வந்தால் சண்டை போடுவதா, ஓடுவதா, பேசிப்பார்ப்பதா என்று அவரவர் முடிவு செய்து சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். "ஆக, உட்கார்ந்த இடத்தில் பொய் சொல்வது" என்று நான் சொன்னேன். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அந்தப் புத்தகத்தைப் படித்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிவைத்தாய். ஐ.டி.ஐ. பரீட்சைக்குக்கூட நீ அப்படிப் படிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நம் கூடத்து மேசையில் மூன்று பேர் உட்காருவீர்கள். கதை நடத்துவது நீ. ஆடுவது உன் அக்கா ஸ்டெல்லாவும், வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வரும் உன் பள்ளிக்கூடச் சிநேகிதன் அமாவாசையும். நான் பக்கத்து அறையில் பேப்பர் படிப்பேன். படிப்பேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு முழுக்கப் பெயர் வைப்பதிலேயே போயிற்று. புத்தகத்தில் இருந்த பெயர்கள் கல்லைக் கடித்த மாதிரி இருக்கிறது, அது வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய். ஸ்டெல்லா தன் பாத்திரத்துக்கு "இளவரசி ரோஜாமலர்" என்று வைத்தாள். "நீ பூட்டு உடைக்கிற திருடி, அக்கா. எந்தத் திருடிக்கு இளவரசின்னு பேரு? பின்னாடி பேய் வருதுன்னு வெச்சுக்கோ. 'இளவரசி ரோஜாமலர், ஓடு!'ன்னு கத்தி முடிக்கிறதுக்குள்ள பேய் வந்து தின்னுட்டுப் போயிடும்" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவள் கோபித்துக்கொண்டு, யோசித்து, கடைசியில் "தும்பி" என்று வைத்தாள். ஆபத்தில் ஒரே மூச்சில் கூப்பிட வர வேண்டும், பக்கத்துப் பாத்திரத்தின் பெயரோடு ஒரே ஊர்க்காரன் மாதிரி சேர்ந்து ஒலிக்க வேண்டும், அதற்கு மேல் அந்தப் பெயரை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று ஆடுகிறவன் சொல்லியே ஆக வேண்டும் என்றாய். "யாரோ ஒருத்தர் ஆசையா வெச்சாத்தான் அது பேரு. இல்லன்னா அது நம்பர்." பத்தொன்பது வயதில் நீ சொன்னது இது. அந்த நேரத்தில் உன் அப்பன் தொழிற்சாலையில் வருகை பதிவு செய்யும் டைம் ஆபீஸில் ஆயிரம் பேருக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான்.

அமாவாசைக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. "இன்னும் வரல அருளு. அவசரப்படுத்தாத" என்றான். மூன்று ஞாயிறு பெயரில்லாமலே வந்துபோனான். நீயும் அவசரப்படுத்தவில்லை. "பெயரில்லாதவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்" என்று கதையை நடத்திக்கொண்டு போனாய். நாலாவது ஞாயிறு வந்ததும் வராததுமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னான்: "மடைதிறந்தான்."

"நீளமாச்சே" என்றாள் ஸ்டெல்லா. "யாரு வெச்ச பேரு?" என்று நீ கேட்டாய். அவன் சொன்னதை நான் பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டேன். "ஊரு வெச்சுது. பேய் மழ. ஏரி ஒடையப் போவுது. எல்லாரும் கரைமேல நின்னுகினு கத்தறானுங்க. இவன் ஒர்த்தன் தண்ணிக்குள்ள முழுகி, அடைச்சிகினு இருந்த மரத்த இழுத்துப்போட்டு மடைய தொறந்துட்டான். மேல வந்தப்ப இவனோட பழைய பேரு ஒருத்தனுக்கும் நெனப்புல இல்ல. மடைதிறந்தான்னே கூப்ட்டாங்க." நீ எழுந்து அவன் தோளில் கைவைத்தாய். அவன் பாத்திரத்துக்கான தாளில் பெயரை எழுதினாய்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். உள்ளே இருந்தபடியே, சிரித்துக்கொண்டு, "அவசரத்துல மடையான்னு கூப்பிடப் போறாங்க பாரு" என்றேன். உங்கள் மூன்று பேருடைய சிரிப்பும் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவன்தான் பதில் சொன்னான், மரியாதையாக, சத்தம் உயராமல்: "எங்கப்பா மடையன்தான் சார். ஏரி மடைய தொறந்து மூடறதுதான் அவரு வேல." நான் மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டேன். அன்றைக்கே எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்னப் பையன்களிடம் என்ன மன்னிப்பு என்று இருந்துவிட்டேன். ஒரு தப்பை அப்படியே விட்டால் அடுத்தது சுலபமாக வரும். இதை உனக்குப் புத்தியாகச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருஷமே எங்கள் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் தற்காலிக ஆள் எடுத்தார்கள். நீ டூல் ரூமில் அப்ரன்டிஸ். நீ சொல்லித்தான் அமாவாசை வந்தான். காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். தற்காலிக ஆளுக்குச் சர்ட்டிபிகேட் கேட்கிற வழக்கம் இல்லை. வாயால் சொல்கிற பெயரை எழுதிக்கொள்வேன். அன்றைக்கு அவனுக்கு முன்னால் நின்ற முனுசாமி, "ரமேஷ்னு எழுதிடு சார்" என்றான். ரமேஷ் என்று எழுதினேன். பாவாடை என்று வீட்டில் வைத்த ஒருத்தன் பாபு ஆனான். எனக்கு அதெல்லாம் பழக்கம். அடுத்ததாக அமாவாசை வந்து, பழகின மனிதர் என்ற தைரியத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "சார், மடைதிறந்தான்னு எழுதுவீங்களா?" என்றான்.

"இது என்ன நாடகக் கொட்டாயா?" என்று கேட்டேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "முன்ன ஒருத்தருக்கு ரமேஷ்னு எழுதனீங்களே சார்" என்றான். அது நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஃபோர்மேன் அனுப்பிய சீட்டில் "அம்மாசி" என்று கிறுக்கியிருந்தது. அமாவாசை என்று முழுசாகக்கூட எழுதாமல் அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். அம்மாசி.

ஏன் செய்தேன் என்று ஐந்து வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரமேஷ் ஒரு சாதாரணப் பெயர். யாரும் வைத்துக்கொள்ளலாம். மடைதிறந்தான் என்பது கல்வெட்டில் இருக்கிற பெயர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வடக்குப்பட்டுச் சேரியிலிருந்து வருகிற பையனுக்கு அந்த நிமிர்வு எதற்கு என்று எனக்குள்ளே ஒன்று கேட்டது. எழுதவே கூசுகிறது அருள், ஆனால் அதுதான் உண்மை. இத்தனைக்கும் என் தாத்தாவின் பெயர் மண்ணாங்கட்டி. ஞானஸ்நானம் வாங்கிய நாளில் சவரிமுத்து ஆனார். கோயில் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதிய சாமியார் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, "உனக்கு எதற்கு இது?" என்று கேட்டிருந்தால் நான் இன்றைக்கும் மண்ணாங்கட்டியின் பேரன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

பிரஸ் ஷாப்பில் அவனை என்ன பாடு படுத்தினார்கள் என்று நீ என்னைவிட நன்றாகப் பார்த்தவன். அவன் உள்ளே வரும்போதெல்லாம் "லைட்டப் போடுங்கடா, அம்மாசி வந்துட்டான்" என்று ஒரு குரல். அவன் நிறத்தைச் சொல்லி ஒரு சிரிப்பு. கேன்டீனில், பஸ்ஸில், எங்கேயும். நீ ஒரு நாள் சாப்பாட்டின்போது என்னிடம் கேட்டாய்: "அப்பா, ஒரு வரிதானே? மாத்தி எழுதிட்டா என்ன?" "ரெஜிஸ்டர்ல அடிச்சு எழுதக் கூடாது" என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மோர் கேட்டேன். அந்த ரெஜிஸ்டரில் நான் அடித்து எழுதாத பக்கமே கிடையாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு ஆள். வாரம் முழுக்க அம்மாசியாக இருந்தவன் நம் மேசைக்கு வந்ததும் முதுகை நிமிர்த்தி உட்காருவான். "மடைதிறந்தான் என்ன செய்கிறான்?" என்று நீ கேட்பாய். அவன் அவசரப்படாமல் யோசித்து, ராஜாவுக்குப் பதில் சொல்கிற மந்திரி மாதிரி பதில் சொல்வான். பக்கத்து அறையில் இருந்த எனக்கே மறுபடியும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கும். கேட்டு ரசித்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அதே பையனின் வருகையை அம்மாசி என்ற பெயருக்கு நேராக டிக் அடிப்பேன்.

இதுவரை நடந்தது பெரும்பாலும் உனக்குத் தெரியும். இனி வருவது தெரியாது.

அவன் போவதற்கு நாலு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், டைம் ஆபீஸுக்கு வந்தான். ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான். "சார், அந்த ஆட்டத்துப் பேரு வேணாம். அமாவாசைன்னு முழுசா எழுதிடுங்க, போதும். எங்கம்மா வெச்ச பேரு அது. அம்மாசின்னு இருக்கறதாலதான் சார் அவனுங்க அப்படி இழுத்து இழுத்துக் கூப்புடறானுங்க" என்றான். எவ்வளவு இறங்கி வந்திருக்கிறான் பார். அவனுடைய சொந்தப் பெயரைத்தான் கேட்டான். எனக்கு அன்றைக்கு மாதக் கடைசி வேலை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடுத்த மாசம் புது ரெஜிஸ்டர் போடும்போது பார்க்கலாம், போ" என்றேன். அவன் போகவில்லை. "அதுவரைக்கும் அம்மாசின்னு எவன் கூப்ட்டாலும் நான் திரும்ப மாட்டேன் சார். யாரு கூப்ட்டாலும் சரி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். "திரும்பாட்டி உன் இஷ்டம்" என்றேன். இந்த மூன்று வார்த்தைதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். தகடு வெட்டும் பெரிய அச்சு ஒன்றை கிரேனில் தூக்கிக்கொண்டு போனார்கள். கிரேன் ஓட்டியது கன்னியப்பன். ஒரு பக்கத்துச் சங்கிலி நழுவுவதை அவர்தான் முதலில் பார்த்தார். அது போகிற வழியில் முதுகைக் காட்டிக்கொண்டு அமாவாசை மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கன்னியப்பன் மேலே இருந்து கத்தினார். மூன்று முறை கத்தினார். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்தாய். டூல் ரூமிலிருந்து ஓடி வந்தவன் நீ. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க வேனில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நீ. நான் எழுத அதில் எதுவும் இல்லை.

மதியம் கன்னியப்பன் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், அம்மாசின்னு கத்துனேன் சார். மொத தபா கத்துனப்பவே அவன் தோளு அசைஞ்சுது. காதுல வுழுந்துது சார் அவனுக்கு. திரும்பல. ஏன் சார் திரும்பல?" என்று கேட்டார். பதில் தெரிந்தவன் அந்தத் தொழிற்சாலையில் நான் ஒருவன்தான். நான் சொன்னது இது: "மிஷின் சத்தத்துல கேட்டிருக்காது. தோளு அசைஞ்சுதுன்னு வெளியில சொல்லாதீங்க. தேவையில்லாத பேச்சு வரும்." விபத்து அறிக்கையை எழுதியதும் நான்தான். "இயந்திரங்களின் இரைச்சலால் எச்சரிக்கைக் குரல் தொழிலாளிக்குக் கேட்கவில்லை." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வரியும் அழகாகத்தான் இருந்தது.

சத்தத்தில் கேட்கவில்லை என்றே நீயும் நம்பினாய். "ஏன்டா உன் காதுல விழல?" என்று சுடுகாட்டில் நீ அழுதபோது நான் உன் பக்கத்தில் நின்றேன். ஆறு மாதத்தில் புனேவுக்குக் கிளம்பினாய். தாம்பரத்தில் உன்னை வழியனுப்ப வந்தபோது, சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். "போனதும் லெட்டர் போடு" என்று மட்டும் சொன்னேன்.

ஒருவேளை உண்மையிலேயே அவனுக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம். கன்னியப்பன் பதற்றத்தில் எதையோ பார்த்து எதையோ நினைத்திருக்கலாம். அப்படி என்னை நானே சமாதானம் செய்துகொண்ட நாட்கள் உண்டு. ஆனால் அந்தப் பையன் சொன்ன சொல் தவறாதவன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் கடிதம் வந்த பிறகு, போன புதன்கிழமை, வடக்குப்பட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆன மனிதனுக்குப் புதன்கிழமையும் ஞாயிறும் ஒன்றுதான். அமாவாசையின் அப்பா போன வருஷம் இறந்துவிட்டார் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. அவன் அம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முக்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்து, உனக்கு இப்போது எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஜன்னலில் எழுதியது, திங்கட்கிழமை அவன் வந்தது, கன்னியப்பன் கத்தியது, தோள் அசைந்தது, நான் எழுதிய அறிக்கை. அவள் கடலை உரிப்பதை நிறுத்தவே இல்லை. நான் முடித்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்: "அம்மாசின்னுதான் சார் நானும் கூப்புடுவேன். வூட்ல எல்லாரும் அப்படித்தான். நான் கூப்ட்டா எங்க இருந்தாலும் ஓடியாருவான். மூணு புள்ள பொறந்து தங்கல எனக்கு. ஆடி அம்மாசிக்கு வேண்டிகினு பெத்தேன், இவன் தங்குனான். அந்தப் பேருல இன்னா கொற கீது? கூப்புட்ட வாயில கீது கொற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மேல இருந்து கத்துனாரே, அந்த மன்சன் நல்லதுக்குத்தான கத்துனாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என் புள்ள திரும்பியிருக்கலாம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

அந்த ஆட்டத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவன் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். "மடைதொறந்தானா?" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அருள், அவள் சிரித்தாள். "அது அவுங்கப்பன் சார்! ஒரு வருசம் மழையில ஏரி ஒடையப் போச்சு. இவுருதான் முழுகித் தொறந்தாரு. புள்ளைக்கு அப்ப நாலு வயசு. என் இடுப்புல குந்திகினு பாத்தான்." அதற்காக ஊர் அவருக்கு ஏதாவது பெயர் வைத்ததா என்று கேட்டேன். "பேரா? பத்து நாளு ஜொரம் வந்து படுத்துகினாரு. எவனும் எட்டிப்பாக்கல" என்றாள். ஊர் தராத பெயரைத்தான் அந்தப் பையன் மூன்று ஞாயிறு தேடி, தன் அப்பாவுக்காக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். அதைத்தான் நான் நாடகக் கொட்டாய் என்று சொன்னேன்.

ஆகையால் உன் நாலு சிநேகிதர்களுக்கு நான் பெயர் எழுதி அனுப்பப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. உட்கார்ந்தால் பழைய பெயர் நாற்பது எழுதுவேன். ஆனால் பொருத்தமான பெயர் என்பது காதுக்கு நன்றாக இருப்பது இல்லை என்று இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன். அவர்களையே கேள். ஒருத்தன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், அன்றைக்கு நீ பொறுத்திருந்த மாதிரி. சினிமாக்காரன் பெயரைச் சொன்னாலும் உடனே சிரித்துவிடாதே. அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார். சொன்ன பிறகு அவன் சொன்னபடியே, ஒரு எழுத்துக் குறையாமல் எழுதிக்கொள். மேசையில் யாராவது அதைத் திரித்துக் கேலியாகக் கூப்பிட்டால் அங்கேயே ஆட்டத்தை நிறுத்து. நாளைக்கு நீ ஃபோர்மேன் ஆனாலும், உனக்குப் பிள்ளைகள் பிறந்தாலும் இது இப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு நீ எனக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம். அப்படியானால் ஏன் என்று கேட்க மாட்டேன். கன்னியப்பனையும் தேடிப் போய்ச் சொல்லப் போகிறேன். அவர் மணிமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஐந்து வருஷமாக அந்த மனிதர் தன் குரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒன்றுக்கு மட்டும் நீ வந்தாக வேண்டும். நான் கிளம்பும்போது அவன் அம்மா மடியில் இருந்த கடலைத் தோலை உதறிவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். "அந்த வெளையாட்டுல என் புள்ள இன்னா இன்னா பண்ணான் சார்?" என்று கேட்டாள். ஓரகடம் பஸ் வர நேரம் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து கேட்டதைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு கோட்டைக்குள் நூறு பேரை அடைத்துவைத்திருந்தார்கள், உங்கள் பையன் அதன் அகழித் தண்ணீரை வடியவிட்டு, சேற்றிலே நடந்து போய் மதிலைப் பிடித்தான் என்றேன். அவள் சாலையோரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்?" என்றாள். அந்த ஞாயிறு அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. யாரோ வந்து கூப்பிட்டு நான் எழுந்து போயிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது. அவள் எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதிக் கதை உன்னிடம்தான் இருக்கிறது. லீவு கேட்டு வா.

அப்பா